சொல்லி விடுறோம்

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிற ஜாய்ஸுக்கு அன்று காலையிலிருந்தே அலுப்பு. சாயங்காலம் போடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இது எத்தனையாவது கூட்டம் என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

"'நாட் மை கப் ஆஃப் டீ'ன்னா எனக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம். ஆனா மூஞ்சிக்கு நேரா சொல்லாம நாசூக்கா சொல்றது. நம்ம ஊர்ல இதை எப்படிச் சொல்வோம்?" என்று கேட்டாள்.

மாணவி நதியா எழுந்தாள். "பொண்ணு பார்க்க வந்தவுக, 'ஊருக்குப் போயிச் சொல்லி விடுறோம்'னு சொல்லிட்டுப் போவாக, மிஸ்."

வகுப்பே சிரித்தது. ஜாய்ஸ் சிரிக்கவில்லை. "கரெக்ட், உக்காரு" என்றாள்.

சாயங்காலம் வந்தவர்கள் கேசரியை வழித்துத் தின்றார்கள். பெண் நிறம் கொஞ்சம் மட்டு, பரவாயில்லை என்றார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் வகுப்பெல்லாம் எதற்கு, தங்கள் கடையில் உட்கார்ந்தால் போதும் என்றார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று பெரிய மனசு பண்ணினாள்.

அப்பா ராஜமணி பூரித்துப்போய் மகளைப் பார்த்தார்.

ஜாய்ஸ் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "போயிட்டு வாங்க. நாங்க சொல்லி விடுறோம்."