எந்திரம் சொன்ன பெயர்

எந்திரத்தை ஏமாற்றத்தான் ஹரிணிக்குச் சம்பளம். முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் எந்திரங்களைச் செய்யும் சின்னக் கம்பெனி அது, ஓசூர் சிப்காட்டில். ஒவ்வொரு எந்திரத்திலும் முதலில் தன் முகத்தைப் பதிவு செய்வாள். பிறகு தன் போட்டோவைக் காட்டுவாள், போனில் வீடியோ ஓட்டுவாள், தன் சாயலிலேயே செய்த ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு போய் நிற்பாள். எதற்கும் மசியாமல், உயிருள்ள ஹரிணி வந்தால் மட்டும் “ஹரிணி, தேங்க்யூ” என்று அது சொல்ல வேண்டும். சொன்னால் தேறிவிட்டது. பதிந்த முகத்தை அழித்துவிட்டுப் பெட்டியில் போடுவாள்.

மேனேஜர் ஹரீஷ்குமாருக்கு ஒரே ஒரு கவலை. அச்சு அசலாக இரட்டைப் பிள்ளைகள் வந்து நின்றால் எந்திரம் என்ன செய்யும்? அப்படி யாரையாவது தெரியுமா என்று எல்லோரிடமும் கேட்டார். ஹரிணி தெரியாது என்றாள். கூடப் பிறந்தவளைத் தெரியாது என்று சொல்ல எப்படித்தான் நாக்கு வந்ததோ.

யுவஸ்ரீ அவளைவிட நாலு நிமிடம் இளையவள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கன்னடக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான கல்லாவியை விட்டுப் போனாள். அவள் பேரை இனி வீட்டில் எடுக்கக் கூடாது என்றார் அப்பா கரியப்பன். மறுநாளே அவள் போன் செய்தாள். எதிரில் அப்பா உட்கார்ந்திருந்தார். ‘ராங் நம்பர்’ என்று சொல்லி வைத்துவிட்டாள் ஹரிணி. அதன்பின் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தும் இரண்டு வருடமாகிறது. மத்திகிரியிலிருந்து வேலைக்கு வரும் வழியில் கர்நாடகத்து ஆனேக்கல் பஸ் எதிர்ப்பட்டால் போதும், ஜன்னல் ஜன்னலாகத் தேடுவாள். அவ்வளவு ஏக்கத்தை வைத்துக்கொண்டு என்ன வீம்பு வேண்டிக்கிடக்கிறது?

போன மாதம், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி தாண்டி ஒரு துணிக் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. டெய்லர் ஒருத்தி போய் நின்றால் எந்திரம் வேறு பெயர் சொல்கிறதாம். அவளும் வாயைத் திறக்காமல், டீ நேரத்தில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை என்று சும்மாவே போய் நிற்கிறாளாம். ஏதோ திருட்டுத்தனம் பழகுகிறாள், வேலையை விட்டு நிறுத்தப்போகிறோம் என்றார்கள். எந்திரம் எடுத்த படமும் கூடவே வந்தது.

ஹரீஷ்குமார் படத்தைப் பார்த்தார், ஹரிணியைப் பார்த்தார். முகமூடியை யாராவது திருடிக்கொண்டு போய்விட்டார்களா என்று கேட்டார், பாவம்.

படத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரென்று ஹரிணிக்குப் புரிந்துவிட்டது. தீபாவளி அவசரத்தில் எண்பது பெட்டி கட்டியபோது ஏதோ ஒன்றில் தன் முகத்தை அழிக்க மறந்திருக்கிறாள். அந்த ஒன்று போய்ச் சேர்ந்த இடம் இது.

“முகமூடி இல்ல சார். என் தங்கச்சி. அவ யாரையும் ஏமாத்தல, தப்பு என்னுது. நானே போயி அழிச்சிட்டு வரேன்.”

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்பே போய்விட்டாள். அங்கிருந்த ஆபீசர் சரிதாவிடம் விஷயத்தைச் சொல்ல, வேலைக்கு ஆபத்தில்லை என்று ஆயிற்று. ஆனால் எந்திரத்தைத் திறந்தவளுக்கு முகத்தை அழிக்கக் கை வரவில்லை. தங்கை தன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று ஓரமாக ஒதுங்கி நின்றாள். திருப்பிக்கொள்ள அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

வரிசை நகர்ந்தது. யுவஸ்ரீ வந்தாள். ஓரமாக நின்றவளைக் கவனிக்காமல் எந்திரத்தின் முன் நின்றாள்.

“ஹரிணி, தேங்க்யூ.”

அவள் நகரவில்லை. மறுபடி முகத்தைக் காட்டினாள். மறுபடியும் அதே பெயர். பின்னால் நின்றவர்கள் கன்னடத்தில் முணுமுணுத்தார்கள்.

“யுவா” என்றாள் ஹரிணி.

யுவஸ்ரீ திரும்பினாள். எட்டி அக்காவின் கையைப் பிடித்தாள்.

“தெனம் பேரு மட்டும்தான் வந்துனு இருந்துச்சி” என்றாள். “ஆளு வர இத்தினி நாளாடி?”