நீலம் ஓடின வாரம்

எங்க அண்ணிக்கு இருக்கற கண்ணு வேற யாருக்கும் கிடையாதுங்க. சும்மா புகழ்றேன்னு நினைக்காதீங்க. நான் லேசுல யாரையும் புகழ்ற ஆளு இல்ல. சாயப்பட்டறையில நாங்க மூணு பேருமே வேலை பாக்கறோம். அண்ணன் மெஷின் ஓட்டறாரு, நான் துணி ஏத்தறேன், அண்ணி ஷேடு, அதாவது நிறம் சரியா வந்திருக்கான்னு பாக்கறாங்க. சாம்பிள் துணிய ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, 'லேசா சிவப்பு அடிக்குது'ன்னு அவங்க சொன்னா சொன்னதுதான். 'ஓகே, லாட்டைப் போடலாம்'னு அவங்க வாயால வந்தாத்தான் மொத்தத் துணிக்கும் மெஷின் ஓடும். முதலாளியே வந்து நின்னாலும் அந்த வார்த்தை சீக்கிரம் வராது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, காலையில ஒண்ணுக்குப் போனப்ப சிவப்பாப் போச்சாம், சாயம் வயித்துக்குள்ளயே இறங்கிடுச்சாம். பட்டறையில இது பழைய ஜோக்குதான். எங்க கை, கால், கழிவறைத் தரை எல்லாமே அன்னன்னிக்கு ஓடற நிறத்துலதான் இருக்கும். சிவப்பு தெரிஞ்சா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. நானும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சேன். அண்ணி மட்டும் சிரிக்கல. கை தட்டுலயே நின்னுடுச்சு.

"இந்த வாரம் பூரா நீலம்தானே ஓடுது?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. சிவப்பு டப்பாவ அந்த வாரம் யாரும் திறக்கவே இல்ல.

அண்ணன் மழுப்பினாரு. வலி இல்ல, எரிச்சல் இல்ல, மறுநாள் பாத்தா எப்பவும்போலத்தான் போகுது, இதுக்குப் போய் டாக்டரான்னாரு. பிடிச்ச பிடிய விடாத மனுஷன். அண்ணி கெஞ்சிப் பாத்தாங்க. அப்புறம் கெஞ்சறத விட்டுட்டாங்க. சாம்பிள மேஜை மேல வச்சுட்டு, கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற வரைக்கும் எந்த ஷேடுக்கும் ஓகே கிடையாதாம். அம்மாடி, மெஷின் எல்லாம் வரிசையா நின்னு போச்சு. முதலாளி குதிகுதின்னு குதிச்சாரு, அண்ணி அசையல. கடைசியில அவர் அண்ணன் பக்கம் திரும்பி, போய்த் தொலைய்யா, உன்னால பட்டறையே படுத்துக்கிச்சுன்னு தன் வண்டியிலயே ஏத்தி அனுப்பினாரு.

ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்தாங்க. இடது கிட்னியில நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. பாத்த வரைக்கும் புற்றுநோய் மாதிரிதான் தெரியுதுன்னாங்க டாக்டரம்மா.

டாக்டரம்மா பொறுமையா விளக்கினாங்க. இந்த நோய் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காதாம். ரத்தம் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு மறைஞ்சுடலாமாம். அதான் நின்னுடுச்சேன்னு விட்டுட்டு, முத்தின பிறகு வர்றவங்க நிறையப் பேராம். அண்ணன் உடனே பழிய சாயத்து மேல போடப் பாத்தாரு. ஒருத்தருக்கு இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சிகரெட், கட்டுக்குள்ள இல்லாத பிரஷர், கூடிப்போன எடை, இதெல்லாம் ஆபத்தக் கூட்டும்னு சொல்லிட்டு அவரோட தொப்பையப் பாத்தாங்க. அண்ணன் கிட்ட இதுல எதுக்கும் குறைவில்ல. என் சட்டைப் பையிலயும் ஒரு சிகரெட் பாக்கெட் இருந்துச்சு. வெளிய வந்ததும் குப்பையில போட்டேன். பயந்துட்டேன், வேற என்ன.

ஆபரேஷன் பண்ணி, கட்டி இருந்த பகுதிய மட்டும் முழுசா எடுத்துட்டு மீதிக் கிட்னிய விட்டு வச்சாங்க. இனிமே விடாம ஸ்கேன் பாக்கணும்னாங்க. கொஞ்ச நாளைக்கு ஒண்ணுக்குல சிவப்பு கலந்து வரலாம், அது தெளியணும்னாங்க. அவ்வளவுதான், கட்டிலுக்குப் பக்கத்துல தொங்கற மூத்திரப் பையப் பாக்கறதே அண்ணிக்கு வேலையாப் போச்சு. திரைய ஒதுக்கி, குனிஞ்சு, தலையச் சாய்ச்சு, சாம்பிளப் பாக்கற மாதிரியே பாப்பாங்க. 'இன்னும் சிவப்பு அடிக்குது'ம்பாங்க. நர்ஸம்மாவே நல்லாத்தானே இருக்குன்னு சொன்னாக்கூட ஒத்துக்க மாட்டாங்க. அழவும் இல்ல, சரியாச் சாப்பிடவும் இல்ல. எப்பேர்ப்பட்ட மனசுன்னு நான் அசந்து போய்ட்டேன்.

ஒரு நாள் காலையில வெயில் நேரா உள்ள விழுந்துச்சு. அண்ணி ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாங்க. அண்ணன் மூச்சப் பிடிச்சுக்கிட்டு அவங்க முகத்தையே பாத்தாரு. நானும்தான்.

"ஓகே"ன்னாங்க. "லாட்டைப் போடலாம்."

அண்ணன் தையல் போட்ட இடத்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. அண்ணி அப்படியே தரையில உக்காந்து, இத்தனை நாளா அடக்கி வச்சதையெல்லாம் சேத்து ஓன்னு அழுதாங்க.