வெள்ளி பூசிய பொயிலர்

வாவியின் மேல் இன்னும் வெளிச்சம் படரவில்லை. தண்ணீர் வடிந்த தொட்டிக்குள் இறங்கிக் குனிந்து, ஊறிய நெல்லைப் பனையோலைக் கடகத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள் கம்சாயினி. புளித்த வாடை தொண்டைவரை இறங்கியது. நெற்சுணை முழங்கைகளை அரித்தது. கடகம் நிறைந்ததும் மேலே நின்ற ஸகியா அதை வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மற்ற நாட்களில் புதிய பொயிலர் பக்கம் போவாள். இன்று பழையதின் பக்கம் போனாள்.

அந்தப் பழைய பொயிலரைப் பார்க்காமலிருக்கக் கம்சாயினி எவ்வளவோ முயன்றாள். கண் அங்கேதான் போய் நின்றது. இந்த அரிசி ஆலையைத் தொடங்கிய கோணாமலை பிறந்து இன்றோடு நூறு வருடம். அவர் தன் கையால் பொருத்திப் பூட்டிய பொயிலரில் அவருடைய நூற்றாண்டு நாளன்று நெல் அவியவேண்டும். பெரிய மனிதர்கள் அதைப் பார்க்கவேண்டும். இப்போதைய முதலாளியான பேரன் உதயரூபனின் ஆசை அது. அதற்காகப் பொயிலருக்கு வெள்ளி நிறம் பூசி, செவ்வரத்தை மாலையும் போட்டிருந்தார்கள். கலியாணத்துக்கு வெளிக்கிட்ட பூதம்போல அது நின்றது.

சென்ற வருடம் அதன் அடிவயிறு பிளந்துதான் சாமித்தம்பி வெந்து செத்தார். ஆவிக்கு நிறமில்லை. எது வந்து தன்னைப் பிடித்ததென்று அவருக்கே தெரிந்திராது. வால்வைத் திறந்து மூடுவது அவருடைய வேலை. இன்று அந்த இடம் கம்சாயினிக்கு.

அன்று தொழிலாளர்களும் ஒரு பிழை விட்டார்கள். பொயிலருக்குள் செத்தவரின் முனகல் கேட்பதாகச் சொல்லி நடுங்கினார்கள். பேயை விரட்டக் கழிப்புச் செய்து தந்தால்தான் வேலைக்கு வருவோம் என்று ஒன்றாகப் போய்க் கேட்டார்கள். முதலாளி உடனே சம்மதித்தார். பூசாரி வந்தார், சேவல் வந்தது, தேசிக்காய் வெட்டியாயிற்று. ஸகியா தன் பங்குக்கு ஓதின தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். பிளவைத் திருத்தித் தாருங்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதன்மேல் ஒரு தகட்டை ஒட்டிவிட்டு, வேலைக்குப் புதிய பொயிலர் வாங்கினார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது.

அடுப்படியில் உமி கொட்டிக்கொண்டிருந்த ரதீஸ் தொட்டியருகே வந்தான்.

“நேற்று தண்ணி நிரப்பிப் பாத்தன். தகட்டடியால கசியுது.”

“முதலாளிக்குச் சொன்னயா?”

“சொன்னன். பெயின்ற் காய்ஞ்சா நிண்டிரும் எண்டாரு.”

கம்சாயினிக்குச் சிரிப்பு வரவில்லை.  தொட்டியைவிட்டு ஏறும்போது கால் இரண்டு தடவை வழுக்கியது.

வெயில் ஏறியதும் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக உதயரூபன் வந்தார்.

“என்ன, இன்னும் மூட்டல்லயா? ஆவிய முதலே ஏத்தி வெச்சாத்தான் சரி. பிரதம விருந்தினர் வந்து சும்மா கொள்ளியக் காட்டினாப் போதும். படத்துக்குத்தானே! புள்ள, நீ வால்வடிக்குப் போ.”

கம்சாயினி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“நான்... அங்க நிக்கமாட்டன் முதலாளி. பயமாக் கிடக்கு.”

அவர் சிரித்தார். “நீங்கதானே கழிப்புக் கேட்டீங்க? சேவல் வெட்டித் தந்தன். இன்னும் என்ன பயம்?”

 அவர் சொன்னது உண்மைதானே. ஸகியா தலையிலிருந்த கடகத்தை இறக்கி வைத்தாள்.

“பேய் போயிட்டு முதலாளி. வெடிப்பு அங்கதானே கிடக்கு.”

களத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளியின் முகம் கறுத்தது.

“என்ட அப்பப்பா பூட்டின சாமான் இது! அவருட நூறாம் வருஷத்துல ஒரு நல்ல காரியம் செய்ய விடமாட்டீங்களா?”

“அவருக்கு நூறு. சாமித்தம்பி அண்ணனுக்கு நாளைக்கு ஒரு வருஷம்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரலென்று கம்சாயினிக்கு உறைத்தது.

“நல்ல நாள்ல செத்தவன்ட கதை கதைக்கிறயா? நாளைக்கு உன்ன இந்தக் கேற்றுக்குள்ள காணப்படாது!” அவர் மற்றவர்களின் பக்கம் திரும்பினார். “வால்வடியில ஆரு நிக்கிற?”

பொயிலரைவிட அந்தக் கேள்விதான் கம்சாயினியை அதிகம் பயமுறுத்தியது. இப்போது ஒருத்தி முன்னே வருவாள். எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. தான் மட்டும் தனியே கேற்றைத் தாண்டிப் போகவேண்டியதுதான்.

ரதீஸ் உமிக்கூடையைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் குந்தினான்.

“நான் மூட்டமாட்டன். நிக்கிற ஆள் மூட்டவும் பழகிக்கொண்டு வரட்டும்.”

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் பலகைகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அடுப்பு வாய்க்கும் முதலாளிக்கும் நடுவே வந்து நின்றார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாரையும் வேலையால நிப்பாட்டுவன்! ஏறாவூர்லருந்து நாளைக்கே வேற ஆள் இறக்குவன்!”

“இறக்குங்க,” என்றாள் ஸகியா. “நானும் அங்கருந்துதான் வாறன். கசியிற கதைய அவங்களுக்கும் சொல்லிப்போட்டுத்தான் விடுவன்.”

கேற்றடியில் வாகனத்தின் ஹோர்ன் கேட்டது. மேளமும் தொடங்கியது. உதயரூபன் அவர்களைப் பார்த்தார், கேற்றைப் பார்த்தார், சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். திரும்பி வரும்போது யாரோடு வருவாரோ, யாருக்குத் தெரியும்? பொலிஸோடும் வரலாம்.

 கம்சாயினி பக்கத்தில் நின்ற ஸகியாவின் கையைத் தேடிப் பிடித்தாள். அது அவள் விரல்களை நசுக்கிவிடும்போல இறுக்கியது. இவ்வளவு துணிவாகப் பேசியவளுக்கும் பயம்தான்! மறுபக்கம் வந்து பிடித்த கை யாருடையதென்று தெரியவில்லை. அதுவும் அப்படியே இறுக்கியது.

“ராத்தா, நாளைக்கு அண்ணன்ட திவசத்துக்கு எல்லாருமாப் போவமா?” என்று ஸகியாவைக் கேட்டாள்.

“முதல்ல இண்டைக்கு நிப்பம் புள்ள.”

மேளம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒருவரும் விலகவில்லை.