அக்காவின் "அப்படியா?"

என் அக்கா வக்கீல். தொண்டையில் அறுவை சிகிச்சை நடப்பதற்கு முன், கூண்டில் நிற்கும் சாட்சியைப் பார்த்து அவள் "அப்படியா?" என்று இழுத்துக் கேட்டால் போதும். பொய் சொன்னவன் குடிக்கத் தண்ணீர் கேட்பான். அந்தக் குரல் போகப்போகிறது என்று தெரிந்ததும் அவளை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே பேசும் ஒரு புரோகிராமையும் லினக்ஸ் லேப்டாப்பில் அதன் மூல நிரலிலிருந்து நானே கட்டி, கம்பைல் செய்து கொடுத்தேன். அதை எழுதிய புண்ணியவான் மூல நிரலை இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார்.

குரல் அவளுடையதுதான், ஆனால் தட்டை. வீடு பற்றி எரிகிறது என்றாலும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் ஒரே சுருதிதான். "அப்படியா"வும் அதே கதி. அதனால் கோர்ட்டில் பேசுவதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ஒரு தையல்காரி வந்து அழுதாள். கட்டட உரிமையாளர் அவளது கடையைப் பூட்டிக்கொண்டு, "அவளேதான் சாவியைக் கொடுத்தா" என்று நடக்கிற வழக்கில் சாதிக்கிறாராம். வேறு வக்கீல் வேண்டாம், நீங்கள்தான் பேச வேண்டும் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டாள். குறுக்கு விசாரணை திங்கட்கிழமை, வீடியோவில். ஆனால் கோர்ட்டின் வீடியோ ஆப் பழைய லினக்ஸில் திறக்கவே மாட்டேன் என்றது. எனவே ஞாயிறு மதியம் அப்கிரேடு செய்ய உட்கார்ந்தேன். எனக்கு ஒரே குஷி. புது சிஸ்டம் என்றால் எனக்குப் புதுத்துணி மாதிரி.

"நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்கு நோண்டற?" என்றார் மாமா, அக்காவின் கணவர். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"ஊதினாத்தான் மாமா அது சங்கு. நீங்க போய் டீ போடுங்க."

அப்கிரேடு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. வீடியோ ஆப் திறந்தது. கடைசியில் சிஸ்டம் பவ்வியமாக ஒரு கேள்வி கேட்டது: இந்தப் பழைய லைப்ரரிகள் (புரோகிராம்கள் ஓடத் துணைக்கு வைத்திருக்கும் கோப்புகள்) இனி யாருக்கும் தேவையில்லை, நீக்கிவிடலாமா? நான் இருந்த உற்சாகத்தில் நீக்கு என்று தட்டிவிட்டேன்.

இங்கேதான் விஷயம். தன் வழியாக வந்த புரோகிராம்களை மட்டுமே சிஸ்டத்துக்குத் தெரியும். நான் கையால் கம்பைல் செய்தது அதன் கணக்கிலேயே இல்லை, சொல்லாமல் வந்து தங்கிய விருந்தாளி. விருந்தாளி படுத்திருந்த பாயை, யாருடையதோ என்று சுருட்டி வெளியே எறிந்துவிட்டது.

அக்கா "முடிஞ்சுதா" என்று தட்டி, பேசும் பொத்தானை அழுத்தினாள். சத்தமே இல்லை. திரையில் லைப்ரரி காணோம் என்று ஒரு வரி. புது சிஸ்டத்துக்கான மென்பொருள் கிடங்கில் தேடினேன். அந்தப் பழைய லைப்ரரி அங்கே இல்லவே இல்லை.

அக்கா மறுபடி தட்டினாள். எழுத்து மட்டும் திரையில் நின்றது. "என் குரல் எங்கடி?"

மாமா தன் போனை எடுத்து நீட்டினார். "இதுல ஒரு பொண்ணு அழகா பேசறா. நாளைக்கு ஒரு நாள் சமாளிச்சுக்கோயேன்."

"அவ அழகாத்தான் பேசுவா. அவ வக்கீல் இல்ல," என்று தட்டினாள் அக்கா. அடுத்த வரி: "என் குரல் வந்தா போவேன். இல்லேன்னா தையல்காரிக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லிடு."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மூல நிரலும் அவளுடைய பதிவுகளும் பென் டிரைவில் பத்திரமாக இருந்தன. புது சிஸ்டத்திலேயே, அந்த லைப்ரரியின் புதுப் பதிப்பை வைத்து முதலிலிருந்து கம்பைல் செய்வது என்று இறங்கினேன். பழைய கம்பைலர் போனால் போகட்டும் என்று விட்ட தப்புகளையெல்லாம் புது கம்பைலர் பிடித்துக்கொண்டு கத்தியது. திரை முழுக்கச் சிவப்பு. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று முளைத்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விரலால் தட்டிக் காட்டினாள். வேறு வேறு வார்த்தையில் ஒரே புகார். மனு படித்த கண் சும்மாவா. மேலே இருந்த ஒற்றை வரியைத் திருத்தினேன், பாதிச் சிவப்பு போய்விட்டது. இருவரும் சிறுபிள்ளைகள் போலக் கையடித்துக்கொண்டோம். அப்புறம் மிச்சமும் ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசியில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி, பிழையேதும் இல்லாமல் நின்றன.

மாமா டீயோடு வந்தார். "வந்துடுச்சா? எனக்கு அப்பவே தெரியும். நான்தான் முதல்லேர்ந்தே சொல்லிட்டிருக்கேனே, அப்கிரேடு பண்ணுங்கன்னு."

அக்கா அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை தட்டி, பொத்தானை அழுத்தினாள்.

"அப்படியா?"

மெதுவாக ஆரம்பித்து, நடுவில் இழுத்து, கடைசியில் புருவத்தைத் தூக்குகிற மாதிரி மேலே ஏறி நின்றது. தட்டை இல்லை. அவளேதான்.

"இல்ல... நான் ஒரு பேச்சுக்கு..." என்றார் மாமா. "டீ ஆறிடுச்சு போல. சூடு பண்ணிட்டு வரேன்." வந்த வேகத்தில் சமையலறைக்குத் திரும்பினார்.

கம்பைல் ஓடிய வரிகளை மேலே தள்ளிப் பார்த்தேன். பாதியில் இருந்தது அந்த வரி. குரலின் ஏற்ற இறக்கத்துக்கான லைப்ரரி: இருக்கிறது. பழைய சிஸ்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது. புரோகிராம் தேடிப் பார்த்திருக்கிறது, கிடைக்கவில்லை, யாரிடமும் சொல்லாமல் அது இல்லாமலேயே தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டது. தட்டைதான் அதன் குரல் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தோம்.

அக்கா வாய்விட்டுச் சிரிக்க முடியாதவள். தோள்கள் குலுங்கின. பிறகு என்னைத் திட்டினாள், மாமாவைக் கொஞ்சினாள், பக்கத்து வீட்டு நாயை அதட்டினாள், எல்லாவற்றையும் வேறு வேறு குரலில். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை திரையில் நீதிபதி, ஒரு மூலையில் தையல்காரி, எதிரே கட்டட உரிமையாளர். நானும் மாமாவும் கேமராவில் தெரியாமல் கதவோரம் நின்றோம்.

"சாவியை அவங்களேதாங்க கொண்டுவந்து கையில கொடுத்தாங்க," என்றார் அவர்.

அக்கா தட்டினாள்.

"அப்படியா?"

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.