ஃபேன் சத்தத்தைப் பற்றி ஒரு கைப்பிரதி

1

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது சிரிப்புக் கதையாக வந்திருக்க வேண்டியது. ஒரு பத்திரிகையில் வீட்டுச் சாமான்களைப் பற்றி நகைச்சுவையாக ஏதாவது கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு லேப்டாப்பின் உள்ளே இருக்கும் ஃபேன் இரண்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. தேடாமலே விஷயம் கிடைத்துவிட்டது என்று பேனாவை எடுத்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "எங்கள் வீட்டில் மூன்று பேர். லேப்டாப்பையும் சேர்த்தால் நாலு பேர். அதில் வாய் ஓயாமல் பேசுவது"

இதை அங்கேயே நிறுத்தினேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். என் மகள் சிரிக்கவில்லை, படித்துக் காட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு பொருள் தேயும்போது எழும் ஓசை, உண்மையில் அந்தப் பொருளின்"

இது வகுப்பறை வாடை. நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன், எதை எழுதினாலும் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறேன். அடித்துவிட்டேன்.

மூன்றாவதாகத் தோன்றியது, சத்தத்தை உள்ளபடி சொல்லிவிடலாம் என்பது. லேப்டாப்பைப் போட்டதும் ஒன்றும் இருக்காது. ஐந்து நிமிடத்தில் மெல்லிசாக, உச்சத்தில், ஒரு கீச்சல் ஆரம்பிக்கும். கொசு ஒன்று காதுக்குள் குடிவந்து, வாடகையும் தராமல், காலியும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அடுத்த அறையில் இருந்தாலும் கேட்கும், கதவைச் சாத்தினாலும் கேட்கும்.*

* "எல்லோருக்கும் கேட்கும்" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். ஏன் மாற்றினேன் என்பது நாலாவது பகுதியில் வரும்.

2

லேப்டாப் என் மனைவியுடையது. பாத்திர அறிமுகம் என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காது, ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

அவள் வேலை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது. கூட்டங்கள், நேர்காணல்கள், விசாரணைகள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், யார் யாரோ எங்கேயோ பேசியதை எல்லாம் இருமல் உட்பட அப்படியே அடித்துக் கொடுப்பாள். அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. பேச்சு புரியாத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது. அடைப்புக்குறி போட்டு, உள்ளே "தெளிவில்லை" என்று எழுதி, நிமிடக் கணக்கைக் குறிக்க வேண்டும். ஒரு மணி நேரப் பதிவில் ஐந்து அடைப்புக்குறிக்கு மேல் போனால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

இவளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றவர்கள் கைவிட்ட பதிவுகளை இவளுக்குத்தான் அனுப்புவார்கள். பதினோரு வருடமாக அந்தப் பெருமையில் இருந்தாள், நானும் இருந்தேன். "என் வீட்டுக்காரிக்குப் பாம்புச் செவி" என்று ஆசிரியர் அறையில் அளந்துவிட்டிருக்கிறேன்.

போன மாதம் மூன்று கோப்புகள் திரும்பி வந்தன. ஒன்றில் ஒன்பது அடைப்புக்குறிகள். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தாராம், ஆனால் இன்னொன்று இப்படி வந்தால் வேறு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்பதும் அதில் இருந்ததாம்.

"இந்த ஃபேன் கத்துற கத்துல எங்கேங்க கேக்குது?" என்றாள்.

நியாயம்தானே? நானும் மகளும் அதைத்தான் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தோம்.

(இங்கே சற்று நிற்கிறேன். இந்த வரியை எழுதிய பிறகுதான் எனக்கே உறைத்தது. சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னது மகள். அடுத்தது நான். இவள் சொன்னது நாங்கள் சொல்லி மூன்று நாள் கழித்து. அதுவரை தினமும் எட்டு மணி நேரம் அந்த லேப்டாப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தவள் இவள்தான்.)

3

இந்தப் பகுதியில் வைத்தியம் வருகிறது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். அடியில் அகராதியை முட்டுக் கொடுத்துக் காற்று போக வழிசெய்தேன். மகள் சொன்னாளென்று லேப்டாப்புக்குப் பக்கத்தில் மேஜை ஃபேனை வைத்தேன், அதனால் வீட்டில் இரண்டு ஃபேன்கள் கத்தின. இவையெல்லாம் சிரிப்புக் கதைக்காக விரித்து எழுதிவைத்தவை, இரண்டு பக்கம். வெட்டிவிட்டேன்.

பிறகு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். முதல் வரைவில் இவரை வாழ்க்கைத் தத்துவம் பேசுகிறவராக எழுதியிருந்தேன். பொய். அவர் வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவர், பேச வழியில்லை. அடிப்பலகையைக் கழற்றி, ஃபேனை விரலால் ஒரு சுற்று சுற்றினார், காதைக் கொடுத்தார், திருகாணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தேஞ்சு போச்சு. இந்த மாடலுக்குப் புதுசு வரவழைக்கணும், பத்து நாளாகும். அதுவரைக்கும் இப்படியே ஓட்டிக்குங்க, ஒண்ணும் ஆகாது."

மூடிக் கொடுத்துவிட்டார். எடுத்துக்கொண்டு போனபடியே கொண்டுவந்தேன், சனிக்கிழமை பிற்பகல். இவள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். கை கழுவிவிட்டு விவரம் சொல்லலாம் என்று உள்ளே போனேன். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கீச்சல் ஆரம்பித்துவிட்டது. குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

வெளியே வந்தேன். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஹெட்ஃபோன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது, காதில் ஒன்றும் இல்லை.

"அப்பாடா," என்றாள். "எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க. இதைப் போன மாசமே செஞ்சிருக்கலாம்."

பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். வாயைத் திறக்கப் போனாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

4

இங்கேதான் சிரிப்புக் கதை கையைவிட்டுப் போனது. போனதோடு இல்லாமல் என்னையும் நடுத்தெருவில் நிறுத்திவிட்டது.

ஒருவேளை அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை, என்றைக்குமே கேட்டதில்லை. நாங்கள் சொன்னதை நம்பி, தன் அடைப்புக்குறிகளுக்கு அதுவே காரணம் என்று பிடித்துக்கொண்டாள். அல்லது கேட்கிறது, ஆனால் நான் வெயிலில் அலைந்துவிட்டு வந்தேனே என்று என் மனம் கோணாமல் சொன்னாள். அல்லது குத்திக்காட்டினாள். "நிம்மதியா இருக்கு பாருங்க" என்பதைக் குத்தலாகவும் சொல்லலாம், சொல்லிப் பாருங்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகிறது. அவள் எப்போது குத்தலாகப் பேசுகிறாள், எப்போது நிஜமாகப் பேசுகிறாள் என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டின. சலவை இயந்திரம் வேலை முடிந்ததும் பீப் பீப் என்று கூப்பிடும். ஆறேழு மாதமாகத் துணிகள் சாயங்காலம்வரை உள்ளேயே கிடந்து நாறுகின்றன. "கொஞ்சம் கவனமா இருந்தா என்ன?" என்று நான் கத்தியிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. ஃபோனையும் அதிர்வில் வைத்துவிட்டாள், வேலைக்குத் தொந்தரவு என்றாள்.

ஒரு கேவலமான காரியமும் செய்தேன். சமையலறை டைமரை ஒரு நிமிடத்துக்குத் திருகி, அவள் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அது கிணுகிணுத்தது. அவள் திரும்பினாள். "என்ன, பின்னாடி வந்து நிக்கிறீங்க?" என்றாள். சத்தம் கேட்டுத் திரும்பினாளா, என் நிழல் மேஜையில் விழுந்ததால் திரும்பினாளா? சோதனை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். சன்னல் பக்கமாக நின்றிருக்கிறேன்.

 இதை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். இருக்கட்டும்.

அடுத்த வாரம் ஒரு கோப்பை அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தாள். பதினொரு அடைப்புக்குறிகள். இன்னும் அனுப்பவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது தானாகவே சொன்னாள்.

"இனிமே ஃபேன் மேலயும் பழி போட முடியாதே." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அவளிடம் மிச்சமிருந்த ஒரே சாக்கை நான் வாயை மூடிக்கொண்டு பிடுங்கியிருக்கிறேன். ஃபேன் சரியாகவில்லை என்று சொன்னால் சாக்கு திரும்பிவரும். ஆனால் அதே வாக்கியம், அது கத்துவதே அவளுக்குக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வழி இல்லை, நானும் நாலு நாளாகப் பார்க்கிறேன்.

5

நேற்று மெக்கானிக் கூப்பிட்டார். புது ஃபேன் வந்துவிட்டதாம், நாளைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேர வேலையாம்.

மாற்றிவிட்டால் வீடு அமைதியாகிவிடும், யார் எதைக் கேட்டார்கள் என்ற கேள்வியே அதற்குப் பிறகு எழாது. அந்த முடிவைத்தான் முதலில் எழுதினேன்: புது ஃபேன், எல்லோரும் சுகம், கடைசியில் மகள் ஒரு நகைச்சுவை சொல்கிறாள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கடுத்த மாதம் இவள் தனியாக, யாரும் பக்கத்தில் இல்லாமல், மேற்பார்வை அம்மாளின் கடிதத்திலிருந்து இதைத் தெரிந்துகொள்வாள். கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவில் காது கேளாதவன் நானாக இருந்தேன். கதை சொல்கிறவனுக்கே கேட்கவில்லை என்பது படிக்க நன்றாகத்தான் இருந்தது. அவள் சுமையை என் தோளுக்கு மாற்றிவிட்டு நல்லவனாகப் பார்க்கிறேன் என்று பாதியில் தெரிந்துபோனதால் அந்த வாக்கியம்—

இன்னொன்றில் காது மருத்துவர் வருகிறார், ஒரு சின்னக் கருவி வருகிறது, அடைப்புக்குறிகள் பழையபடி இரண்டுக்கு இறங்குகின்றன. அப்படி நடக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது என்பது இந்த வீட்டு விதி.

இதற்கெல்லாம் மேல் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. நான் கையால் எழுதுகிறவன், மிச்சமான வினாத்தாள்களின் பின்பக்கத்தில். அதை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தட்டச்சு செய்து தருவது இவள்தான். பிழை திருத்துவாள், பிடிக்காத இடத்தில் ஓரத்தில் கேள்விக்குறி போடுவாள். வெளியே கொடுத்து அடித்தால் ஏன் என்று கேட்பாள். ஆகவே வேறு ஒரு கதையையும் தயாராக எழுதிவைத்தேன். ஃபேன், கொசு, அகராதி, மேஜை ஃபேன் என்று ஆறு பக்கம், வலிக்காத கதை. அது அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. இது கையில் இருக்கிறது.

நாளைக்கு ஃபேன் மாறிவிடும். கொடுப்பதானால் இன்றைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

6

கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு, மணி மூன்றேகால். ஐந்து பகுதிகளையும் அவள் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மகள் தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். திறந்த கதவு வழியாக இவள் முதுகும் பின்னலும் தெரிகின்றன. ஃபேன் கத்துகிறது. விசைகள் வேகமாக ஓடுகின்றன.

ஒரு முறை சிரித்தாள். கொசுவாக இருக்கும்.

இப்போது இரண்டாவது பகுதியில் இருக்க வேண்டும். தாளைத் திருப்பினாள். "பாம்புச் செவி"யை அடிக்கும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை எடுத்திருக்கலாம். வேகம் குறையவில்லை. அவள் அடிக்கும்போது அர்த்தத்தைப் பார்க்க மாட்டாள், எழுத்தைத்தான் பார்ப்பாள் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். அது உண்மையாக இருந்தால் நல்லது. இல்லை, உண்மையாக இருந்தால் இவ்வளவும் வீண்.

மூன்றாவது பகுதி. மெக்கானிக். விசைகள் ஓடுகின்றன. ஓடுகின்றன. கொஞ்சம் விட்டு விட்டு.

நின்றுவிட்டன.

தாளைத் திருப்பும் சத்தம் இல்லை. நாற்காலி நகரவில்லை. ஃபேன் மட்டும் அதே உச்சத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவள் தலையை இலேசாகச் சாய்த்திருக்கிறாள், முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம்.

"ஏங்க."

"ம்," என்றேன். போதவில்லை என்று பட்டது. "சொல்லு," என்றேன் உரக்க.

அவள் திரும்பவில்லை.

"இப்பவும் கத்திட்டிருக்கா?"

இதற்கு என் பதில் ஒரே ஒரு சொல். நான் எதை எழுதினாலும் அவள் அதை அப்படியே அடித்துவிடுவாள், பிழை இருந்தால் மட்டும் திருத்துவாள். அதனால் இந்தத் தாளில் அதை எழுதப் போவதில்லை. இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்திருந்தால், மீதியையும் அவள்தான் அடித்து முடித்திருக்கிறாள். அவள் எந்த முகத்தோடு முடித்தாள் என்பதை இந்த நிமிடம் நான் அறியேன், உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்துபோய், அவள் என் உதட்டைப் பார்க்கிற இடமாக எதிரே உட்கார வேண்டும்.