பாதி மாத்திரை

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். உள்ளங்கையில் கொஞ்சம் வெள்ளைத் தூள் மட்டும் விழுந்தது.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மகள் சமையலறையில் நின்று திரும்பத் திரும்ப யோசித்தாள். வாரத் தொடக்கத்தில் ஐந்து மாத்திரைகளைப் பாதிப் பாதியாக வெட்டி இதில்தான் போட்டு வைத்தாள். தினம் காலையில் ஒரு பாதி. இன்னும் மிச்சம் இருக்க வேண்டும். தப்பாக எண்ணிவிட்டோமா? சிலவற்றை வெட்டாமலே போட்டுவிட்டோமா? அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் அவள்.

அது கால் எரிச்சலுக்கான மாத்திரை. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பக்கத்துத் தெரு டாக்டர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "கிட்னி ரொம்ப மெதுவா வேலை செய்யுதும்மா. மருந்து வெளிய போகாம உடம்புலயே தங்கிடும். இனிமே பாதிதான். ரொம்பத் தூங்கினாலோ கை உதறினாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

வீட்டில் அவள் சொன்னதோ, "டாக்டர் பாதியா குடுக்கச் சொன்னாரு" என்பது மட்டும்தான். கிட்னி என்று காதில் விழுந்தால் அம்மா சாப்பிடமாட்டாள், படுக்கமாட்டாள்.

அப்பா சிரித்தார். லாரி ஓட்டிய காலத்துச் சிரிப்பு. "பாதி மாத்திரைக்கு ஒரு கால் எரிச்சல்தானே நிக்கும்? எந்தக் கால்னு நீயே முடிவு பண்ணு, மகாராணி."

முன்னறையில் சித்தி கேட்டாள்: "மாமா ரொம்பக் கஷ்டப்பட்டாராக்கா?"

"இல்லடி, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்." அம்மாவின் குரல் அழுது அடங்கியிருந்தது. "ராத்திரி பூரா எரியுது எரியுதுன்னு புரளுவாரு. காலையில குடுக்கற பாதி ராத்திரிக்கு எப்படித் தாங்கும்? மத்தப் பாதியைப் பொண்ணு ராத்திரிக்குத்தானே வெட்டி வச்சிருக்கான்னு நானும் குடுத்தேன். இந்த வாரம் குழந்தை மாதிரி தூங்கினாரு. பகல்லகூட. டம்ளரைப் பிடிச்சா கை ஆடும். 'பிரேக் பிடிக்கலையா'ன்னு கிண்டல் பண்ணேன்."

மகள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை.

வேலையும் மாலை வகுப்பும் முடிந்து அவள் வரும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். நன்றாகத் தூங்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவாள்.

டாக்டர் வந்தார். அப்பாவைப் பார்த்தார், அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். வாசலில் செருப்பை மாட்டும்போது மகளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பாதிதானே குடுத்தீங்க?"

"முழுசா போயிருக்கு டாக்டர். எதுக்குப் பாதின்னு அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லலை."

ஒரு காலில் மட்டும் செருப்போடு அவர் நின்றார். "வீட்ல மாத்திரை குடுக்கறது யாருன்னு நானும் கேக்கலை." பிறகு, "அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது. அம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

உள்ளே அம்மா இன்னொருத்தியிடம் ஆரம்பித்திருந்தாள்: "குழந்தை மாதிரி தூங்கினாரு..."

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள் மகள்.

அவள் திரும்பி வந்தபோது அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர் என்னடி சொன்னாரு?"

கால்மாட்டில் மேசை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. போர்த்தியிருந்த துணி பாதங்களை விட்டு எழுந்து எழுந்து விழுந்தது. மகள் குனிந்து விசிறியின் பொத்தானில் விரலை வைத்தாள்.

"அணைக்காதடி, அவருக்குக் கால்..." என்ற அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மகள் விரலை எடுத்தாள். துணியின் ஓரத்தை இழுத்து அப்பாவின் குதிகாலுக்கு அடியில் செருகினாள். சரியாகச் செருகினோமா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.