வேட்பாளர் ட்ரெகியர் தட்டிய கதவு

1.
இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. தேர்தல் துண்டுப் பிரசுரக் கட்டோடு வேட்பாளருக்குப் பின்னால் போனவன் நான், கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

‘பாரிஸ்டர் ஆல்பன் ட்ரெகியர் நாடாளுமன்றத்துக்குப் போக ஆசைப்பட்ட அந்த ஈரமான மார்ச் மாதத்தில்...’

(வேண்டாம். சிலை திறப்பு விழா மாதிரி இருக்கிறது.)

2.
வடகடலோரத்து மீன்பிடி ஊர் ஒன்றில் இடைத்தேர்தல். ட்ரெகியருக்கு நாக்குதான் சொத்து. தபால்காரரிடம்கூட “முதலாவதாக” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

அன்று ஓட்டுக் கேட்டு அவர் தட்டிய ஒரு வீட்டுக் கதவைத் திறந்த பெண்மணி மேவிஸ் ஸ்டாட்.

“உங்களத் தெரியும்” என்றார்.

எட்டு வருடங்களுக்கு முன், மீன் கிடங்குக்குத் தீ வைத்ததாக அவர் கணவர் லென்மீது வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடியவர் ட்ரெகியர். லென் சிறைக்குப் போனார். பதினான்கு மாதம் கழித்து, மின்கசிவுதான் காரணம் என்று தெரிந்து விடுவித்தார்கள்.

(இங்கே ட்ரெகியரைக் கொஞ்சம் கெட்டவராக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை, காது மடல் சிவக்க நின்றார்.)

“பிரமாதமாப் பேசுனீங்க. கட்டின பொண்டாட்டி, நானே அவருதான் தீ வச்சாருன்னு ஒரு மத்தியானம் முழுக்க நம்பிட்டேன்னாப் பாத்துக்குங்களேன்.”

“மிஸஸ் ஸ்டாட், முதலாவதாக...”

“ரெண்டாவதும் வேணாம், மூணாவதும் வேணாம். அத அவருகிட்ட இன்னும் நான் சொல்லல. ஒவ்வொரு தடவ டீ போட்டுக் குடுக்கறப்பவும் தொண்டைல வந்து நிக்குது.”

3.
தோட்டத்திலிருந்து லென் வந்தார். கையெல்லாம் மண்.

“யாரு மேவிஸ்?”

“ஓட்டுக் கேட்டு வந்திருக்காங்க.”

பொய்முடியும் கறுப்பு அங்கியும் இல்லாத வக்கீலை லெனுக்கு அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். லென் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார்.

முதல் வரைவில், ட்ரெகியர் கைகுலுக்கிவிட்டு நழுவுகிறார். (வெட்கமாக இருந்தது.) இரண்டாவதில், லென் ஓங்கி ஓர் அறை விடுகிறார். (உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை.)

நடந்தது இது.

“மிஸ்டர் ஸ்டாட், உங்கள ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லிப் பேசினது நான்தான். தப்பு பண்ணிட்டேன்.”

அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன வாதம்.

“தெரியும்யா. ஆறு நாள் கேட்ட குரலு, மறக்குமா?” லென் மனைவியின் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு உன் மூஞ்சியும் பாத்தேன் மேவிஸ். கூண்டுலேர்ந்து நேராத் தெரிஞ்சுது.”

மேவிஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். “அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.”

4.
ட்ரெகியர் பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இதோடு கதையை முடித்தால் பத்திரிகைச் செய்தி.

அன்று கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே யார் முதலில் பேசினார்கள், பேசினார்களா, டீயாவது போட்டார்களா... ட்ரெகியர் என் சட்டைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. உங்களுக்குத் தைரியமிருந்தால் நீங்கள் தட்டிக் கேளுங்கள்.